மட்காட்டைத் தின்னும் றப்பர்

எட்மன்டன், கனடா
ஜனவரி, வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள காக்காவுக்கு,

இஞ்ச இண்டைக்குப் பூச்சியத்துக்குக் கீழ 30 பாகை. உம்மாட்ட "கொஞ்சம் குளிராம்" எண்டு மட்டும் சொல்லுங்க. போன முறை உள்ளதை உள்ளபடி சொல்லப் போய், அவிச்சுக் குடிக்கச் சொல்லி ஒரு மூட்டை கொத்தமல்லி வந்து சேர்ந்தது. கராஜில வேலை செய்ற பிலிப்பீன்காரனும் உக்ரேன்காரனும் கூட இப்ப கொத்தமல்லித் தண்ணிதான் குடிக்கிறாங்க.

நான் அனுப்பின போட்டோவைப் பார்த்துட்டு ரெண்டு விசயம் கேட்டிருந்தீங்க. பின்னுக்கு நாலு சில்லு வெச்ச அந்தப் பிக்கப், சம்மாந்துறையில இருந்து ஒரு நடையில எத்தின மூடை நெல்லு ஏத்தும் எண்டது ஒண்டு. அதுட பின் சில்லுக்குப் பின்னால தொங்குற, கீழ நிக்கல் தகடு வெச்ச கறுத்த றப்பரில ஒரு சோடி நம்மட கென்டர் லொறிக்கு அனுப்பு எண்டது மற்றது.

முதல் கேள்விக்கு மறுமொழி: நெல்லெல்லாம் ஏத்துறதில்ல காக்கா. நான் கண்டமட்டில அதில வழமையா ஏறுற சுமை ஒரு மனிசன், ஒரு கோப்பிக் கோப்பை. சில நாளைக்கு ஒரு நாய்.

அதுட ஆகிருதியைக் கேளுங்க. நாலு கதவும் நீளப் பெட்டியும் உள்ள ஃபோர்ட் எஃப்-350 எண்டா 22 அடி நீளம். பின்பக்க அகலம் 8 அடி. நம்மட டிமோ பட்டா 5 அடி அகலமும் இல்ல, நீளம் பன்னிரண்டரை அடிதான். ரெட்டைச் சில்லு லொறிக்குப் புதுசில்ல, உங்கட கென்டருக்கும் இருக்கு. பிக்கப்புக்கு அதைப் பெரிசாப் பேர் வாங்கிக் குடுத்தது 1973ல செவ்ரோலெட் இறக்கின 'பிக் டூலி'. பெட்டிக்கு மேல பாரம் வெச்சு இழுக்கிற பெரிய ட்ரெய்லரைக் கொழுவினா, அந்தப் பாரம் முழுக்கப் பின் அச்சிலதான் குந்தும். நாலு டயர் அதைப் பங்கு போட்டுத் தாங்கும். காத்தடிச்சாலும் பின்பக்கம் ஆடாது. மாடு, குதிரை, வைக்கோல் கட்டு, நகர்த்துற வீடு எண்டு பத்துத் தொன்னுக்கு மேல இழுக்கும். 63ம் இலக்க நெடுஞ்சாலையில வடக்க ஃபோர்ட் மெக்மரி எண்ணெய் வயலுக்குப் போறவங்களுக்கு அது தேவைதான். மற்றவங்களுக்கு எதுக்கு எண்டு கேக்கப்படாது. கல்முனைக் கடைத்தெருவில கலியாண ஊர்வலத்துக்குப் பெரிய ஜீப் எதுக்கு எண்டு நாம கேக்கிறமா?

வெளிச் சில்லு ரெண்டும் பொடிக்கு வெளிய துருத்திக்கொண்டு நிக்கிறதால, அதை மூடப் பின் மட்காட்டையும் வெளிய ஊத வெச்சிருக்கான். முன் சில்லு கிளப்புற கல்லெல்லாம் நேர அந்த ஊதல்ல போய்த்தான் அடிக்கும். இஞ்ச பனிக்காலத்தில வழுக்காம இருக்க ரோட்டில மணலும் குறுணிக் கல்லும் போடுவாங்க. முன் கண்ணாடியில வெடிப்பு இல்லாத வாகனத்தைக் கண்டா, நேத்துத்தான் வாங்கினது எண்டு விளங்கிக்கொள்ளலாம். ரெட்டை டயருக்கு நடுவில கல்லு சிக்கினா இன்னும் மோசம். வேகம் ஏற ஏற அது கவண்கல்லா மாறிப் பின்னால வாறவனுக்குப் போகும். அதனால ஆளாளுக்கு றப்பர் தொங்கப் போடுறாங்க. நோக்கம் நல்ல நோக்கம்தான்.

ஆனா காக்கா, எங்கட கராஜுக்கு வாற ரெட்டைச் சில்லு வண்டிகள்ல மட்காட் உடைஞ்சு வாறதுக்குக் கல்லு காரணமில்ல. கல்லுல இருந்து காப்பாத்தத் தொங்கப் போட்ட அந்த றப்பர்தான்!

எப்பிடி எண்டு கேளுங்க. நம்மட லொறியில றப்பரைப் பெட்டிக்குக் கீழ, செஸியில புடிச்ச இரும்புச் சட்டத்தில தொங்க விடுறம். மட்காட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இஞ்ச உள்ளவன் கடையில வாங்கி, வீட்டு வாசல்ல வெச்சு, மட்காட்டுட கீழ் உதட்டிலயே நாலு ஓட்டை போட்டு முடுக்கிடுறான். பத்து நிமிசத்து வேலை, பார்வைக்கும் லட்சணம். அந்த மட்காட் இரும்பு எண்டு நினைக்காதீங்க. கன வண்டியில அது ஃபைபர், இல்லாட்டி பிளாஸ்டிக் கலந்த பலகை. மூத்தம்மாட காதுச் சோணை அத்துப்போன கதை ஞாபகமா? பாரமான வளையத்தைப் போட்டது காது அழகா இருக்கத்தானே.

சேதம் மூணு விதமா வரும். முதலாவது தேய்மானம். றப்பருக்கும் பெயின்டுக்கும் இடையில நுண் மணல் போய் நிக்கும். இந்த மாகாணத்தில பெரிய ரோட்டில 110ல ஓடலாம். அந்தக் காத்துக்கு றப்பர் படபடக்க, நடுவில நிக்கிற மணல் உப்புத்தாளா மாறிப் பெயின்டை அராவி எடுத்துடும். கழுவையில தெரியாது, ஏனெண்டா றப்பர் மறைச்சுக்கொண்டு நிக்கும். ஒரு நாளைக்கு றப்பரைக் கழட்டினாத்தான் கீழ வெறும் பலகை இளிக்கும்.

ரெண்டாவது ஓட்டை வெடிக்கிறது. படபடக்கிற ஒவ்வொரு தரமும் போல்ட் அந்த ஓட்டையை இழுக்கும். பனிச் சேறு றப்பரில ஒட்டி உறைஞ்சா அதுட பாரம் பல மடங்கு. குளிர்ல றப்பரும் வளையாது, பலகையும் வளையாது. மறுகா என்ன, ஓட்டையில இருந்து மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு மேல ஏறும்.

மூணாவதுதான் உச்சம்: ரிவர்ஸ். முன்னுக்குப் போகையில ஒண்டும் நடக்காது. பின்னுக்கு எடுக்கையில சில்லுட பின்பக்கம் கீழ நோக்கிச் சுத்தும். றப்பர் பனி மேட்டில, இல்லாட்டி நடைபாதைக் கல்லில தட்டி டயரோட ஒட்டினா, டயர் அதைக் கவ்விக் கீழ இழுத்து மிதிக்கும். மூணரைத் தொன்னுக்கு மேல உள்ள வண்டி மேல ஏறினாப் பிறகு றப்பர் கிழியுமா, மட்காட் கிழியுமா? றப்பர் நல்ல தரமான சாமான் காக்கா. அது கிழியாது.

போன கிழமை ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் வந்தாரு. ஆறரை அடி ஆள், பெரிய தொப்பி, வாயைத் திறந்தா 'சொறி'. உடைஞ்ச மட்காட்டைக் காட்டி எனக்கிட்டயே மன்னிப்புக் கேட்டாரு. பலகை ரெண்டாப் பிளந்து தொங்குது, நிக்கல் தகட்டில காளைமாட்டுப் படம் போட்ட றப்பர் மட்டும் மினுமினுங்குது. "பார், எவ்வளவு உறுதி!" எண்டு றப்பரைத் தட்டிக் காட்டினாரு. நானும் ஓம் எண்டு தலையாட்டினன். என்ன சொல்ல?

இனி அந்த வேலையைப் பத்தி. டிங்கர் பாஸிட்டப் படிச்ச சுத்தியல் வேலை இந்தப் பலகைக்குச் செல்லாது. ஒரு தட்டுத் தட்டினா ரெண்டு நாலாகும். கை குடுத்தது மாளிகைக்காட்டுக் கடற்கரையில சாச்சா வள்ளம் ஒட்டுற வேலைதான். வெடிப்பை வி வடிவத்தில அராவி, பின்பக்கம் ஃபைபர் துணி வெச்சு, ரெசின் பூசி, காய விட்டு, மறுகா முன்பக்கம். ரெண்டே வித்தியாசம். அங்க வெயில்ல ரெசின் கெதியா இறுகும் எண்டு சாச்சா இறுக்கிற மருந்தைக் குறைப்பாரு. இஞ்ச ஹீட்டரைக் கூட்டாட்டி விடிய விடிய இறுகாது. மற்றது, சில பலகைக்கு வள்ளத்து ரெசின் சரியாப் புடிக்காது, எப்பொக்சிதான் வேணும். கடலுக்குப் போக வன்கூவர் வரைக்கும் ரோட்டால ஆயிரத்து நூறு கிலோமீற்றருக்கு மேல ஓட வேண்டிய ஊர்ல, சாச்சாட வள்ளத் தொழிலில சம்பளம் எடுக்கிறன் எண்டு அவருக்குச் சொல்லுங்க. பங்கு கேக்க மாட்டார் எண்டா மட்டும் சொல்லுங்க.

உம்மா பள்ளிக்குப் போறியா எண்டு கேட்டா, இண்டைக்கும் ஜும்ஆவுக்குப் போனன் எண்டு சொல்லுங்க. கனடாட முதல் பள்ளிவாசல் இந்த ஊர்லதான், அல் ரஷீத், 1938ல கட்டினது. ஹில்வி ஹம்டான் எண்ட லெபனான் பொம்புள, மேயரிட்ட நேர போய்க் காணி கேட்டு, கடை கடையா ஏறிக் காசு சேர்த்திருக்கா. பழைய கட்டடத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய் ஃபோர்ட் எட்மன்டன் பார்க்கில காட்சிக்கு வெச்சிருக்காங்க. இப்ப உள்ளது புதுப் பள்ளி. உள்ளுக்குத் தோளோட தோள் சேர்த்து சஃப் கட்டுறம். வெளிய வாகனம் நிப்பாட்டுற இடத்தில ஒரு ரெட்டைச் சில்லு வந்தாப் போதும், ரெண்டு பக்கமும் ஆளை அண்ட உடாது.

இப்ப உங்கட ரெண்டாவது கேள்வி. லொறிக்குப் புதுசா ஃபைபர் மட்காட் போட்டிருக்கிறதா மதினி சொன்னா. மாரியில கிட்டங்கிப் பாலத்தால தண்ணி பாயையில உங்கட லொறி அடிக்கிற சேறு வெள்ளை உடுப்போட பள்ளிக்கூடம் போற புள்ளைகளுக்கும், ஜும்ஆவுக்குப் போற வாப்பாக்கும் படப்படாது. அதனால றப்பர் கட்டாயம் வேணும். ஒரு சோடி அனுப்புறன். ஆனா மட்காட்டில ஒரு ஓட்டையும் போடப்படாது. செஸியில இருந்து இரும்புச் சட்டம் ஒண்டு எடுத்து அதில தொங்க விடுங்க. டயருக்கும் றப்பருக்கும் இடையில ஒரு சாண் இடைவெளி வேணும். கீழ் நுனி நிலத்தில இருந்து முக்கால் அடி உயர நிக்கட்டும். வரம்பில, மேட்டில பின்னுக்கு எடுக்கையில பொடியனை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்க. போல்டுக்குச் சின்ன வொஷர் போடாம, நீளத் தகடு வெச்சு முடுக்குங்க. இழுவை ஒரு இடத்தில நிக்காமப் பரவும்.

பண்ணைக்காரர்ட வண்டியை நேத்துக் குடுத்தம். செஸியில சட்டம் அடிச்சுத் தாறன் எண்டு படம் கீறியே காட்டினன். பொறுமையாக் கேட்டு, "சொறி" சொல்லி, பழைய இடத்திலயே, முந்தினதை விட ரெண்டு அங்குலம் பெரிய றப்பர் போடச் சொல்லிட்டுப் போனாரு. முதலாளிக்கு நல்ல சந்தோசம். மாரி முடியிறதுக்குள்ள திரும்பி வருவாரு எண்டு கலண்டரில குறிச்சே வெச்சுட்டாரு.

சாமானை சாய்ந்தமருதுப் பொடியன் ஒருத்தன் அடுத்த மாசம் கொண்டு வாறான். விமானத்துக்கு நிறை கணக்கு இருக்கு. நிக்கல் தகட்டோட றப்பர் கனம். உம்மாக்கு முழங்கால் தைலமும் புள்ளைகளுக்குச் சொக்லட்டும் அதே பெட்டியில வெச்சிருக்கன். வாப்பாட குளிர்ச் சட்டையை எடுத்துட்டன். கல்முனையில எதுக்கு அது எண்டு நீங்களே சமாளிங்க.

எல்லாருக்கும் என்ட சலாம். துஆவில மறந்துடாதீங்க.

இப்படிக்கு,
உங்கட தம்பி

பி.கு: சொக்லட்டில றப்பர் வாசம் அடிச்சா, கனடாச் சொக்லட் எல்லாம் இப்பிடித்தான் எண்டு புள்ளைகளுக்குச் சொல்லலாம். உம்மாட்ட அந்தக் கதை எடுபடாது. காக்கா கேட்டதாலதான் எண்டு நான் ஏற்கெனவே போனில சொல்லிட்டன்.