நாலு டாலர் நியாயம்

1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் ஒரு சோதனை நடத்தினார். தண்டித்தால் பாடம் ஏறுமா என்று பார்க்கிறோம் என்று, பங்கேற்க வந்தவர்களிடம் சொல்லப்பட்டது. அடியாத மாடு படியாது என்று வளர்ந்த நமக்கு இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவர்களுக்கும் இல்லை.

கூலி நாலு டாலர். வழிச்செலவுக்கு ஐம்பது சென்ட். தப்பாகப் பதில் சொல்கிறவருக்கு 15 வோல்ட்டில் தொடங்கி ஷாக் கொடுக்க வேண்டும். (அவர் அடுத்த அறையில் இருந்து சுவரை இடித்ததெல்லாம் நடிப்பு, மின்சாரமும் பொய்.) தயங்கினால், பக்கத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு சோதனையை நடத்தியவர் ‘தொடருங்கள்’ என்றார். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். வியர்த்தார்கள், நடுங்கினார்கள், சிலர் சிரிக்கவும் செய்தார்கள். விரல் மட்டும் ஸ்விட்சை விடவில்லை.

ஆயிரத்தில் ஒருவர்தான் கடைசிவரை போவார் என்பது மனநல மருத்துவர்களின் கணிப்பு. உளவியல் படித்து என்ன பயன் என்பவர்களுக்கு நல்ல தீனி! ஆனால் நிபுணர்களின் மூக்கு உடைந்ததையும் அச்சிட்டு வெளியிட்டார்களே, ஜோசியத்தில் அந்த வழக்கம் கிடையாது.

பின்னால் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா வந்து, கொடுமை செய்கிறவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சாக்குகளை வகை பிரித்தார்: மேலிடத்து உத்தரவு, உயர்ந்த லட்சியம், அவனெல்லாம் மனுஷனா, அவனாகத் தேடிக்கொண்டது. குண்டு போட்ட மறுநாள் அறிக்கை எழுதுகிறவர்கள் அவரைக் கரைத்துக் குடித்திருப்பார்களோ என்று எனக்கொரு சந்தேகம். ஒரு வகைகூட விடுபடுவதில்லை.