மேலிருந்து வாறவருக்கும் ஒரு வேசம்

மருமகன், நீ கீறின படத்த வடிவாப் பாத்தன். கையில வித்தை கிடக்கு, இல்லையெண்டு சொல்ல ஏலாது. மட்டக்களப்பில 1924 இல கட்டின கல்லடிப் பாலத்துக்கு மேல அந்த வெள்ளிக் கப்பல் தொங்குற தொங்கல் என்ன, அதின்ட அடிவயித்தில ஆணி ஆணியா நீ வைச்ச புள்ளி என்ன! வாவியில விழுற வெளிச்சத்துக்கு மட்டும் மூண்டு நீலம் கலந்திருக்காய். ஆனா மனே, கரையில நிக்கிற சனத்துக்கு ஏன் மூஞ்சி இல்ல? ஆளுக்கு ஒரு தூரிகைத் தட்டு, அவ்வளவுதான். கையத் தூக்கிக்கொண்டு நிக்கிறாங்கள். கும்பிடுறாங்களா, விரட்டுறாங்களா? கப்பலுக்கு ஒரு கிழமை, சனத்துக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். கணக்கு நல்லாத்தான் இருக்கு.

"இன்னொரு உலகத்துச் சனத்தின்ட வாழ்க்கையில கை வைக்கலாமா, கூடாதா" எண்டதுதான் இந்தப் படவரிசை முழுக்கக் கேக்கிற கேள்வி எண்டாய். பெரிய கேள்விதான். ஆனா படுவான்கரையில பிறந்தவன் அதக் கேக்கிறதுதான் சிரிப்பு. ஆரார் எல்லாமோ வந்து கை வைச்சிட்டுப் போன ஊரில இருந்துகொண்டு, கை வைக்கிறவன்ட கவலைய நீ ஏன் காவித் திரியிறாய்?

நீ சொன்ன ஆதர் சி. கிளார்க்கின்ட கதையையே எடு. 1953 இல வந்த 'சைல்ட்ஹூட்ஸ் எண்ட்'. பெரிய பட்டணங்களுக்கு மேல கப்பல் வந்து நிக்குது. கரெலன் எண்ட பெரியவர் உள்ளுக்கு இருந்தபடியே உலகத்த நடத்துறார். சண்டை நிக்குது, பசி போகுது. ஸ்பெயினில மாட்டுச் சண்டை பாக்கப் போன சனத்துக்கு, மாட்டுக்கு விழுற குத்து தங்கட உடம்பில வலிக்குது. அந்த வேலைக்கு நான் கை தட்டினன், பொய் சொல்லல்ல. ஆனா மூஞ்சியக் காட்ட அம்பது வருசத் தவணை கேட்டாரே, அங்கதான் எனக்குச் சந்தேகம். கடைசியில கதவு திறந்தா கொம்பு, செட்டை, வால்! எங்கட கூத்தில இப்பிடி ஒரு வேசம் வந்தா, களரிக்கு ஏற முந்தியே பொடியள் கண்டுபிடிச்சிருவானுகள்.

உன்னப் போல ஆக்களுக்கும் அந்தக் கதையில இடம் கிடக்கு. எல்லாம் சரியாப் போன உலகத்தில பாட்டும் படமும் சப்பெண்டு போகுது. அதால கலைஞரெல்லாம் ஒரு தீவுக்குப் போய் 'நியூ ஏதென்ஸ்' எண்டு குடியேறுறாங்கள். ஆகக் கடைசியில பாத்தா கரெலனும் முதலாளி இல்ல. அவருக்கு மேலயும் ஒண்டு இருக்கு. அது சொல்ற வேலையச் செய்ய வந்தவர்தான் அவர்.

இதக் கேட்டோன எனக்கு 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு உதவிக்கு வந்த வெள்ளை வாகனங்கள்தான் ஞாபகம் வந்திச்சு. நல்ல மனிசர். கிணறு இறைச்சாங்கள், மருந்து தந்தாங்கள், கூரை போட்டாங்கள். நாவலடிச் சனத்துக்குத் திராய்மடுவில வீடு கிடைச்சது. கடல் விழுங்கின ஊர் ஆக்களக் கடலுக்குத் தூரத்தில வைக்கோணும் எண்டது கூட்டத்தில கதைக்கேக்க சரியாத்தான் இருந்திருக்கும். வலை காயிறது ஒரு இடம், சோறு வேகிறது இன்னொரு இடம் எண்டா, மீன்பிடிக்கிறவன் எங்க படுக்கிறது? இலங்கைக் கரை முழுக்கச் சின்னப் படகுகளத் தேவைக்கு மேல குடுத்ததும் அந்தக் காலந்தான். ஒரு பொடியன் கொப்பியோட வந்து, "ஐயா, உங்கட முதன்மைத் தேவை என்ன?" எண்டான். "கதிரைய இழுத்துப் போட்டு இரு மகன், சொல்றன்" எண்டன். இருக்க நேரமில்லையாம். பின்னேரம் கொழும்புக்கு அறிக்கை போகோணுமாம், அங்கயிருந்து ஐரோப்பாவுக்காம். பாவம், அவனும் ஒரு சின்னக் கரெலன்.

கப்பல் வந்து நிக்கிறது எங்களுக்குப் புதினமில்ல. 1602 இல ஒல்லாந்தன் ஸ்பில்பேர்கன் இஞ்ச வந்து இறங்கினான். 1628 இல போர்த்துக்கேயன் புளியந்தீவில கோட்டை கட்டினான். பத்தே வருசத்தில, 1638 இல, ஒல்லாந்தன் அதப் பிடிச்சான். பிறகு இங்கிலீசுக்காரன். ஆள் மாறிச்சு, மதில் மாறல்ல. அண்மைக்காலம் மட்டும் எங்கட கச்சேரியும் அதுக்குள்ளதான் கிடந்தது. 1956 இல இலங்கைக்குக் குடிவந்த உன்ட கிளார்க், திருகோணமலைக் கடலுக்குள்ள மூழ்கி, போர்த்துக்கேயர் இடிச்சுத் தள்ளின கோணேசர் கோயில் கல்லுகளப் பாத்தவர். வானத்தால வாறவங்களப் பத்தி எழுதின மனிசன், கடலால வந்தவங்கட வேலையக் கடலுக்கு அடியிலதான் கண்டார். அத நீ கீறியிருக்கலாம்.

வந்தவனெல்லாம் கள்ளன் எண்டு நான் சொல்ல வரல்ல. 1814 இல வில்லியம் ஓல்ட் எண்ட மெதடிஸ்தப் பாதிரியார் வேதம் பரப்ப வந்தார். ஒரு வருசம் முடியமுன்னம் இஞ்சயே கண்ண மூடிட்டார். அவர் துவக்கின பள்ளிக்கூடம் மெதடிஸ்த மத்திய கல்லூரியா இண்டைக்கும் நடக்குது. அங்க படிச்ச எத்தினையோ பேர் பட்டமும் வாங்கி, திருநீறும் பூசிக்கொண்டுதான் திரியிறாங்கள். குடுத்தவன் நினைச்சது ஒண்டு, எடுத்தவன் எடுத்தது ஒண்டு.

அமெரிக்காவில 1966 இல துவங்கின 'ஸ்டார் ட்ரெக்' காரர் வேற வழி பாத்தாங்கள். வளராத உலகத்துச் சங்கதியில தலையிடப்படாது எண்டு சட்டம். நல்ல சட்டம், கப்டன் கேர்க் அத மீறாட்டிக் கதைதான் நகராது. தலையிடாம நிக்கிறவன் புனிதன் எண்டும் நினையாத. தண்ணி ஏறி வரேக்க கரையில நிண்டு குறிப்பெழுதுறவன எந்த ஊர் மதிக்கும்?

இதுக்கெல்லாம் அண்ணாந்து பாக்கத் தேவையில்ல, எங்கட கூத்தப் பாரு. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல 'கர்ணன் போர்', 1964 இல 'இராவணேசன்' எண்டு மட்டக்களப்புக் கூத்த மாணவர வைச்சு மேடையேத்தினார். சுத்திவரச் சனம் குந்தியிருந்த வட்டக்களரி போய், ஒரு பக்கம் மட்டும் பாக்கிற மேடை வந்திச்சு. விடிய விடிய ஆடினது ஒண்டரை மணித்தியாலமாச்சு. ஊரில கர்ணன் சாக விடியப்புறமாகும். சனம் ஒரு நித்திரை கொண்டெழும்பி, முகம் கழுவி, அழுறதுக்கு ஆயத்தமா வந்து குந்தும். பேராதனையில அவன் இராச் சாப்பாட்டுக்கு முந்தியே செத்துப்போனான். ஆனாலும் கூத்தெண்டா முகம் சுழிச்ச படிச்ச கூட்டம் அதப் பாத்துத்தான் நிமிந்து குந்திச்சு. இராவணனா ஆடின எங்கட மௌனகுரு பிறகு பேராசிரியராகி, இஞ்சயே வந்து கூத்தப் பாடமாச் சொல்லிக் குடுத்தார். போனதும் உண்டு, வந்ததும் உண்டு.

பிறகு சீலாமுனையில சி. ஜெயசங்கர் வேற விதமாத் துவங்கினார். கூத்தப் பட்டணத்துக்குக் கொண்டுபோகாம, ஊர்க் களரியிலேயே ஆடுற ஆக்களோட குந்தி, கூத்துக் கொப்பியில சாதி பேசுற இடத்த என்ன செய்யிறது, பொம்பிளையக் கீழ வைக்கிற பாட்ட என்ன செய்யிறது எண்டு அவங்களையே கதைக்க விட்டார். கூத்து மீளுருவாக்கம் எண்டு அதுக்குப் பேர். அதுவும் படிச்ச ஆள் கொண்டுவந்த யோசனைதான். ஆனா "அந்தப் பாட்டில கை வையாத" எண்டு சொல்ல, கூத்துப் பழக்கிற அண்ணாவியாருக்கு வாயிருந்திச்சு, கேக்க வந்தவருக்குக் காதிருந்திச்சு.

அதால மருமகன், கை வைக்கலாமா எண்ட கேள்விய மூட்டை கட்டு. "வேண்டாம்" எண்டு சொன்னா வந்தவனுக்குக் கேக்குமா எண்டு கேள். கரெலன் மேகத்துக்கு மேல நிண்டார். போர்த்துக்கேயன் மதிலுக்குள்ள நிண்டான். கொப்பிக்காரப் பொடியன் நிக்கவே இல்ல.

அடுத்த படத்தில கப்பலச் சின்னதாக் கீறு. முன்னுக்கு, அத்தாங்கோட தண்ணிக்குள்ள நிண்டு இறால் வடிக்கிற ஒரு கிழவியப் பெரிசாக் கீறு. "இதுக்குள்ள எத்தினை பேர் வந்திருக்கானுகள், சோறு காணுமா" எண்ட யோசனை அவள்ட மூஞ்சியில தெரியோணும். அதக் கீறிக் காட்டினாத்தான் நீ ஓவியன். கப்பல்காரர் இறங்கி வரட்டும். கொம்ப மறைக்க வேண்டாம், கொம்புமுறி விளையாடுற ஊர்தானே இது. கூத்துக்குச் சட்டங்கொடுக்கிற அண்டைக்கு வந்து பின்னுக்குக் குந்தட்டும். ஆளப் பாத்து, குரலக் கேட்டு, அண்ணாவியார் வேசம் சொல்லுவார். வந்த உடன ராசா வேசம் கிடையாது. முதல் வருசம் கட்டியகாரன். தாளம் பிசகாம ஆடினா அடுத்த வருசம் பாப்பம்.