பிரதம அதிதி இன்னும் சற்று நேரத்தில்

கிழக்கிலங்கையில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடி எந்தத் தேதியில் ஏறும் என்று கலண்டர் அடிக்கிறவர்கள் அடித்துச் சொல்ல முடியாது. பிறை சொல்ல வேண்டும். நாகூரில் கந்தூரி நடக்கிற அதே ஜமாதுல் ஆகிர் மாதத்தில், அதே ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால், எங்களூரிலும் 12 நாள் விழா. வயது 200ஐத் தாண்டிவிட்டது என்பது ஊர்க் கணக்கு. ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில்தான். ஆனால் கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள் இறங்கிய கரையிலெல்லாம் அவர் பெயருக்கு ஒரு கட்டடம் எழுப்பினார்கள். பினாங்கில் உண்டு. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் உண்டு. சிங்கப்பூர்க்காரர்கள் அதை மரபுடைமை நிலையமாக்கி, உள்ளே விளக்கப் பலகைகள் வைத்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் மஸ்கட் இனிப்பு விற்கிறோம்.

சந்திர வருடத்துக்கு 354 நாள் என்பதால் கொடி வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். கிட்டத்தட்ட 33 வருடத்தில் ஒரு சுற்று. 2002இல் அது ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. கச்சான் காற்று மணலை அள்ளி நேரே பூந்தித் தட்டில் போட்டது. மென்றால் பல்லுக்கிடையில் கடற்கரை கேட்கும். 2023இலும் 2024இலும் டிசம்பருக்கு வந்துவிட்டது. மாரி மழை. மினாராவில் ஏறிய கொடி நனைந்து ஒட்டிக்கொண்டு, பறப்பதற்குக் கொஞ்சமும் விருப்பமில்லாமல் நின்றது. கீழே ஐஸ்கிரீம்காரர் குடை பிடித்தபடி மணியடித்தார். உடுப்பெல்லாம் நனைந்து நடுங்கிக்கொண்டு பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டு அழுதார்கள். வாப்பாமார் திட்டிக்கொண்டே வாங்கிக் கொடுத்தார்கள்.

வெளியூர்க்காரர் வந்து பார்த்தால் இது ஒரு சமய விழா. மவ்லித் ஓதுகிறார்கள், பக்கீர்மார் றபான் அடித்து றாத்தீப் நடத்துகிறார்கள், கடைசி நாளில் கந்தூரிச் சோறு. உள்ளே இருந்து பார்ப்பவனுக்கு இது ஒரு போட்டி நிகழ்ச்சி. கொடிக் கயிற்றை யார் தொடுவது என்பதில் தொடங்கி, எந்தக் கடை பள்ளிவாசலுக்குக் கிட்ட, யார் வீட்டுக்குக் கந்தூரிச் சோறு இரண்டு தரம் போனது என்பதுவரை எல்லாமே போட்டி. வளையல் கடையில் நடப்பது அரையிறுதி.

“இது என்ன விலை தம்பி?”

“முன்னூறு, ராத்தா.”

“போன கொடிக்கு நூற்றைம்பதுக்குத் தந்தாங்க.”

“போன கொடிக்கே வாங்கியிருக்கலாமே ராத்தா.”

ராத்தா நடந்துவிடுவார். பத்தடி போனதும் கடைக்காரர் கூப்பிட வேண்டும். அது ஆட்ட விதி. கூப்பிடாவிட்டால் ராத்தாவே செருப்பு வாரைச் சரி பண்ணுவதுபோல் கொஞ்சம் நின்று பார்ப்பார்.

கொடி ஏற்றுவது மார்க்கத்தில் இல்லை என்று சொல்பவர்களும் ஊரில் நிறைய. எங்கள் ஒழுங்கைப் பெரியவர் ஒருவர் ஜமாதுல் ஆகிர் பிறந்தாலே ஆதாரங்களோடு வாசலில் உட்கார்ந்துவிடுவார். மூன்றாம் நாள் இரவு பேரப்பிள்ளைகள் சூழக் கடற்கரையிலிருந்து திரும்பி வருவார். கேட்டால், “பிள்ளையளுக்குக் காத்து வாங்கப் போனம்” என்பார். அவர் கையில் எண்ணெய் கசிகிற பையில் அரைக் கிலோ காற்று இருக்கும்.

2004 டிசம்பர் 26இல் கடல் இந்தக் கரையில் செய்ததைப் பற்றிப் பகிடியாக எழுத எனக்கு வராது. அதற்குப் பிறகும் கொடி ஏறியது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

விழாவில் போட்டி இருப்பதுபோல எங்கள் போட்டிகளில் விழா இருக்க வேண்டும். அல்லது அது போட்டியே அல்ல. முதலாம் தவணையில் பாடசாலைகள் நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பாருங்கள். ஹிரா, ஸபா, மர்வா என்று இல்லங்களுக்குப் பெயர். மைதானத்தின் ஓரத்தில் ஒவ்வோர் இல்லத்துக்கும் மூங்கில், கிடுகு, சீலை, ரெஜிபோம் எல்லாம் கொண்டு நிஜமாகவே ஒரு வீடு கட்டுவார்கள். ஒரு வருடம் கோட்டை, ஒரு வருடம் கப்பல், ஒரு வருடம் வயல்வெளிக் குடிசை. இல்ல அலங்காரத்துக்குப் புள்ளி உண்டு என்பதால், ஓட வேண்டிய பையன்கள் முதல்நாள் விடியவிடிய ஆணி அடித்துவிட்டு, அடுத்தநாள் நூறு மீற்றரில் ஐம்பதாவது மீற்றரில் கொட்டாவி விடுவார்கள்.

போட்டி இரண்டு மணிக்கு என்று அழைப்பிதழ் சொல்லும். பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என்று அதில் மூன்று படி. பட்டியலில் விடுபட்டவர் அடுத்த தேர்தலில் எதிரணி என்பதால் நாலாவதாக ‘சிறப்பு அழைப்பாளர்கள்’ என்று ஒரு பெருவெளியைத் திறந்துவைப்பார்கள். ஓட்ட வீரர்களைவிட அதிதிகள் அதிகமாக இருந்த ஒரு போட்டியையும் பார்த்திருக்கிறேன். வீரர்களுக்கு வெயில், அதிதிகளுக்குப் பந்தல், உறை போட்ட கதிரை, குளிர்பானம். அணிநடைக்காகப் பிள்ளைகள் ஒரு மணியிலிருந்து நிற்பார்கள். மூன்றரைக்கு முதலாவது பிள்ளை மயங்கி விழும். அதற்கென்றே சென்ஜோன் முதலுதவிப் படை ஸ்ட்ரெச்சரோடு காத்திருக்கும். அன்றைய தினம் நேரம் தவறாமல் வேலை தொடங்குகிற ஒரே அணி அதுதான்.

இந்த இடைவெளியை நிரப்புபவர் அறிவிப்பாளர். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஊர். ஒலிவாங்கியைப் பிடித்தவர் எல்லாருக்கும் உள்ளே ஒரு பி. எச். அப்துல் ஹமீத் இருக்கிறார். “கீழைக் காற்று தாலாட்டும் இந்த இனிய மாலைப் பொழுதினிலே, எமது பிரதம அதிதி இன்னும் சற்று நேரத்தில்…” என்று குரலைக் கீழே இறக்கி மேலே ஏற்றுவார். சற்று நேரம் கழித்து அதையே வேறு ராகத்தில் சொல்வார். இடையில் சாவி ஒன்று கண்டெடுக்கப்பட்டிருக்கிறது, மோட்டார் சைக்கிள் ஒன்று வழியை மறிக்கிறது, சிவப்புத் தாவணி போட்ட மூன்று வயதுப் பிள்ளை உம்மாவைத் தேடுகிறது. இவை மூன்றும் ஒரே குடும்பத்துக்கு உரியவை என்று பிறகு தெரியவரும்.

எல்லாம் முடிந்து பழைய மாணவர்களுக்கான நூறு மீற்றர் வரும்போதுதான் சனம் எழுந்து நிற்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டில் குனிவார்கள். முதல் முப்பது மீற்றரைப் பழைய ஞாபகம் ஓடிவிடும். மிச்சத்தை ஆள்தான் ஓட வேண்டும். தொடை பிடித்து ஒருவர் பாதையிலேயே உட்கார்ந்துவிட, அவரைத் தூக்கப் போன இருவரையும் நடுவர் மூன்றாமிடம் என்று எழுதிக்கொண்டார். அவர்கள் மறுக்கவில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. 2019 செப்டெம்பரில் பொத்துவில் அறுகம்பைக்கு உலக அலைச்சறுக்கு லீக் வந்தது. பல நாட்டுப் பொடியன்மார் பலகையோடு வந்து இறங்கினார்கள். அதைப் பார்க்க மச்சான் ஒருவரோடு போனேன். கரையில் நடுவர்கள் உட்கார்ந்து ஒவ்வோர் அலைக்கும் பத்துக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். ஒருவர் எத்தனை அலை ஏறினாலும் நல்ல இரண்டைத்தான் கூட்டுவார்களாம். நல்ல அலை வரும்வரை ஆள் கடலில் பலகை மேல் சும்மா உட்கார்ந்திருப்பார். மச்சான் கொஞ்ச நேரம் பொறுத்தார்.

“என்ன மச்சான், கடலுக்க உக்காந்து என்ன செய்றான்?”

“அலைக்குப் பாத்துட்டு இருக்கான்.”

“வந்ததெல்லாம் அலை இல்லயா?”

பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் தலையை நிமிர்த்தவே இல்லை. வருடம் முழுக்க இதே அலைக்கு மேலால் தோணியைத் தள்ளிக் கொண்டுபோய், மீனோடு திரும்பக் கொண்டுவருகிறவருக்கு ஒருவரும் பத்துக்கு இரண்டுகூடப் போட்டதில்லை. மச்சானுக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. ஒரு மணித்தியாலமாக ஒருவருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை, வரவேற்புரை இல்லை. இது உண்மையான போட்டிதானா?

சந்தேகம் நியாயமானது. போட்டியையும் விழாவையும் பிரித்து வைப்பது இந்தக் கரைக்குப் புதிது. மட்டக்களப்புத் தமிழகத்தில் கண்ணகி அம்மன் பெயரால் நடந்துவந்த கொம்புமுறியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரையே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோல்வி. வென்றவர் தோற்றவரை வைது பாடலாம். அம்மன் சந்நிதியில், முழு அனுமதியோடு. மழை வேண்டிச் செய்கிற சடங்கு அது, பக்கத்து வீட்டுக்காரனைப் பாட்டில் திட்டுகிற சந்தர்ப்பமும் அதுவே. கண்ணகி கோயில் உள்ள காரைதீவுக்கும் கல்முனைக்குடிக்கும் இடையில் சாய்ந்தமருதுதான். பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிப்பதும் கூப்பிடு தூரத்தில். இந்த அயலில் வளர்ந்த நாங்கள் மட்டும் சும்மா ஓடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோமா?

பெருநாளுக்கு அடுத்த நாள் நடக்கும் மென்பந்துக் கிரிக்கெட் இறுதிப் போட்டியில் இதெல்லாம் ஒன்றாகச் சேரும். அதற்கு முன் வெளியூர் வாசகருக்கு ஒரு தகவல்: எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்ததும் ஆண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே கல்முனைக்குடியில் பந்து பொறுக்கி வளர்ந்த துடுப்பாட்டக்காரன் சாய்ந்தமருதில் முடித்தால், அடுத்த பெருநாளில் எந்த அணிக்கு ஆடுவான் என்பது குடும்ப விவகாரம். மாப்பிள்ளை பேச்சின்போதே இதையும் பேசி முடித்துவிடுவது புத்தி என்று என் உம்மம்மா சொல்வார். அவர் கிரிக்கெட் பார்த்ததில்லை. மருமகன்மாரைப் பார்த்திருக்கிறார்.

போன தரம் அப்படி ஒருவன் தன் பழைய ஒழுங்கைக்கே ஆட இறங்கினான். எதிரணியில் பந்து வீச வந்தது மனைவியின் தம்பி. பந்தலில் முன்வரிசையில் மாமனார். கிண்ணத்துக்குக் காசு கொடுத்தவரும் அவரே. பிரதம அதிதி இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார். முதல் பந்தையே மருமகன் நேரே மேலே தூக்கிவிட்டான். பந்து உயர்ந்து, அங்கே கொஞ்சம் யோசித்து, பந்து வீசியவன் கைக்கே இறங்கிவந்தது. அவன் இரண்டு கையையும் விரித்தான், பந்தலைப் பார்த்தான், விட்டுவிட்டான்.

சாய்ந்தமருது முழுவதும் ஒரே குரலில் கத்தியது. அணித் தலைவன் நடு ஆடுகளம்வரை ஓடிவந்து கேட்டான், “டேய், உனக்குக் கண் தெரியாதா?”

“தெரியும் காக்கா. இவரு முதல் பந்துலயே போனா, ராவைக்கி சோத்துக்கு நான் எங்க போற?”