கடனுக்கு வயது மூன்று

கேள்வி: நண்பரிடம் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தேன். மூன்று வருடம் தாண்டினால் கடன் செத்துவிடுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கடன் சாகாது, கோர்ட்டுக் கதவுதான் சாத்திக்கொள்ளும்! 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுதான் ஆயுள். அதற்குள் அவர் நூறு ரூபாய் கொடுத்து, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், பணம் தந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு. கெடு முடிந்த பிறகும், 'தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அதை ஏற்கும். வெறும் வாய்வார்த்தை போதாது. நட்புக்குக் கெடு இல்லை, நோட்டுக்கு உண்டு. இன்றே பீரோவைத் திறந்து தேதியைப் பாருங்கள்.