ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்

வாரத்தில் ஆறு நாள் அவர் ஓய்வுபெற்ற அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை காபி உள்ளே இறங்கியதும் மெக்கானிக். பழைய லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் அம்பாசிடரின் பானட்டை அவர் தூக்கினால், இன்றைக்கு யாரோ தள்ளப்போகிறார்கள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பையன்கள் சரியாக அந்த நேரத்தில்தான் பாடப் புத்தகத்தை எடுக்கிறார்கள். பெற்றோருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

வண்டி 1986 மாடல், மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்து, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் பிறந்த குலம். 2014இல் தொழிற்சாலையே அம்பாசிடரைக் கைகழுவிவிட்டது. இவர் விடுவதாயில்லை. பதிவு முதல் 15 ஆண்டு முடிந்து காலாவதியான பிறகு, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஓட்டுவதைவிட நிறுத்தி வைத்துப் பிரிப்பதுதான் அதிகம்.

கோளாறைக் கண்டுபிடிப்பதில் மனிதர் சூரர், அதை மறுக்க முடியாது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். "ரெண்டாவது டேப்பட்" என்பார். இரண்டாவது டேப்பட்டாகத்தான் இருக்கும். பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்து ஜாதகம் சொல்வார்: நுனி பழுப்பாக இருந்தால் வண்டி சௌக்கியம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

புகையும் அவருக்கு அத்துப்படி. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் வீணாகிறது, விடாமல் வெள்ளையாக வந்தால் ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் இறங்குகிறது. ஒருமுறை மாப்பிள்ளை அழைப்பில் காருக்குப் பின்னால் நடந்துகொண்டே, "ரொம்பக் குடிக்குது சார், ரெண்டு மாசம் தாங்காது" என்று சொல்லிவைத்தார். பெண்ணின் தகப்பனாருக்கு வியர்த்துவிட்டது. அவர் சொன்னது ஆயில் குடிக்கும் காரைத்தான் என்று புரியவைப்பதற்குள் நாதஸ்வரக்காரர் இரண்டு கீர்த்தனை வாசித்து முடித்துவிட்டார்.

கண்டுபிடித்ததோடு நிறுத்திக்கொண்டால் அவர் மேதை. நிறுத்தமாட்டார். ஸ்பானரை எடுப்பார்.

உடனே வீட்டில் பொருள்கள் காணாமல் போகத் தொடங்கும். பேட்டரி டெர்மினலில் பூத்த உப்பைக் கழுவ வெந்நீரில் ஆப்ப சோடா, தேய்க்க மகனின் டூத் பிரஷ், துடைக்கப் புது வேட்டி. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டும். அளக்கும் ஃபீலர் கேஜ் தொலைந்து வெகுகாலம் ஆயிற்று. அதனால் கல்யாணப் பத்திரிகை. யார் பத்திரிகை நீட்டினாலும் முகூர்த்த நேரத்தைப் பார்க்கமாட்டார். அட்டையை இரு விரலால் நெருடி, "கரெக்டா இருக்கு" என்பார். கொடுத்தவர் வரன் பொருத்தத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக் கும்பிடுவார்.

அந்த வண்டியின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அவர் வாங்கி வைத்திருப்பதோ மில்லிமீட்டர் ஸ்பானர் செட். அரை அங்குல நட்டில் 13 எம்.எம். ஸ்பானர் உட்காரும், ஆனால் ஒழுங்காகப் பிடிக்காது. தம் பிடித்துத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கி உருண்டையாகிவிடும். பிறகு அந்த ஒரு நட்டுக்காக மஞ்சள் பையோடு, பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குக் கிளம்புவார். திரும்பும்போது பையில் நட்டு இருக்காது. வேறு வண்டியின் ஹாரன் இருக்கும்.

பிளக் ஒயர்களைக் கழற்றிய அன்று தெருவே அதிர்ந்தது. தீப்பொறி 1-3-4-2 என்ற வரிசையில் போக வேண்டும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்த வரிசையில்தான் மாட்டினார். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக, அவர் மாட்டியது வலஞ்சுழியாக. இரண்டும் மூன்றும் இடம் மாறிவிட்டன. சாவியைத் திருப்பியதும் டமார் என்று ஒரு வெடி. எதிர்வீட்டுப் பாட்டி, தேர்தல் முடிவு வந்துவிட்டதா என்று கேட்டார்.

பிரேக்கில் காற்று எடுப்பது மட்டும் தம்பதி சமேதராகச் செய்ய வேண்டிய காரியம். அவர் வண்டிக்கு அடியில், அம்மாள் பெடலில்.

"மிதி... அழுத்திப் பிடி... விட்டுடாதே!"

"குக்கர் மூணு விசில் வந்தாச்சுங்க."

"நிப்பிளை மூடிக்கிறேன் இரு... ம், இப்ப விடு. ஆச்சா?"

"எங்க ஆச்சு? பெடல் இன்னும் மெத்துனுதான் இருக்கு. காத்து பாக்கி இருக்குங்க."

இத்தனை வருஷத்தில் அந்த அம்மாளின் வலது கால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் வேலைக்குச் சேரும் தகுதி பெற்றுவிட்டது.

அவருடைய உச்சகட்ட சாதனை போன சித்திரையில் நிகழ்ந்தது. வண்டி கிளம்பவில்லை. தீப்பொறி சோதித்தார், நன்றாக இருந்தது. "கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரலை" என்று தீர்ப்புச் சொன்னார். வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகியிருக்கும் என்று பம்ப் மேல் ஈரத்துணி போட்டார். அசையவில்லை. கார்புரேட்டரை இறக்கி, ஜெட்டை ஊதி, மிதவையை ஆட்டிப் பார்த்துத் திரும்ப மாட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அப்போதுதான் அம்மாள் எட்டிப் பார்த்து, "ஏங்க, டேங்க்ல பெட்ரோல் இருக்கா?" என்றார். இல்லை. பெட்ரோல் வரவில்லை என்ற கண்டுபிடிப்பு அன்றைக்கும் நூற்றுக்கு நூறு சரி!

மலிவான சோதனையை முதலில் செய், விலை கூடியதைக் கடைசியில் செய் என்பது பழைய வண்டி வைத்தியத்தின் முதல் பாடம். அதைத் தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். பழைய கார் முனகினால் முதலில் அவரிடமே காட்டுங்கள். காசு வாங்கமாட்டார்; சொல்வது தப்பாது. சொல்லி முடித்ததும் நன்றி கூறி, பானட்டை உங்கள் கையாலேயே மூடிவிட்டு, நேரே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போய்விடுங்கள். "பத்தே நிமிஷம் சார், நானே பார்த்துடறேன்" என்று அவர் லுங்கியை மடித்துக் கட்டுவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டால் வண்டி பிழைத்தது.