சன்னதித் தெருவில் நீட் வாசிப்பு: நன்னூல் வழி ஓர் ஆய்வு

ஆய்வுக்கு ஒரு பொருள் வேண்டும். எனக்கு என் தங்கை மகள் கிடைத்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டு, பல் மருத்துவந்தான் படிப்பேன் என்று ஒரு வருடமாக வீட்டிலிருந்தபடி நீட்டுக்குத் தயாராகிறவள்.

அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதும் டேட் தேர்வில் வாசிப்புக்கென்றே தனிப் பகுதி உண்டு. மூன்று கட்டுரைகள், 50 கேள்விகள், 60 நிமிடம். நம் நீட்டில் அப்படியொரு பகுதி இல்லை என்பது பாமரர் கருத்து. 180 நிமிடத்தில் 180 கேள்வியைப் படித்து, தவறினால் ஒரு மதிப்பெண் தண்டமும் கட்டுகிறவளுக்கு முழுத் தேர்வுமே வாசிப்புப் பகுதிதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நெறிப்படி முன்னாய்வுகளைச் சுட்ட வேண்டும். இப்பொருளில் முன்னாய்வு எதுவும் என் கண்ணில் படாததால் என்னையே மேற்கோள் காட்டுகிறேன் (காண்க: பால் கணக்கு நோட்டு, மார்கழி மாதம், பின்னட்டை). இது நம் பல்கலைக்கழக மரபுக்கு விரோதம் என்று எவரும் சொல்ல முடியாது.

ஆய்வுக் களம் திருக்கடையூர். மார்க்கண்டேயனுக்காக ஈசன் எமனை எட்டி உதைத்த தலம் என்பதால், ஆயுளை நீட்டித்துக்கொள்ள விரும்புவோர் 60இல் ஒரு கல்யாணம், 70இல் பீமரத சாந்தி, 80இல் சதாபிஷேகம் என்று வந்தபடியே இருப்பார்கள். மற்ற ஊர்களில் ஆடி, மார்கழியிலாவது மேளம் ஓயும். இங்கே அதுவும் கிடையாது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு வரைக்கும் அவள் வந்திருப்பாள், கெட்டிமேளம் கொட்டும். மறுபடி வெளிச்சவ்விலிருந்து ஆரம்பம். "இந்த ஊர்ல சத்தம் போடாம இருக்கறது எமன் ஒருத்தன்தான் மாமா" என்றாள். களக்குறிப்பில் பதிந்துகொண்டேன்.

இனி வகைப்பாடு. சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடரும் நிலை நான்கு என்பது நன்னூல்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இதை இலக்கண நூலுக்காகச் சொன்னார் என்றே இதுவரை நம்பி வந்திருக்கிறோம். என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்துக்காகத்தான் சொன்னார் என்று நிறுவவும் இடமிருக்கிறது. நிறுவ இடமில்லாத ஒன்றைத் தமிழாய்வில் நான் இதுவரை கண்டதில்லை.

ஆற்றொழுக்கு என்பது முதல் வரியில் இறங்கிக் கடைசி வரியில் கரையேறுவது. "வரி விடாமப் படி" என்று பயிற்சி மையங்கள் ஓதுவது இதைத்தான். இதில் நீரியல் சார்ந்த சிக்கல் ஒன்று உண்டு. நீட் வழக்கமாக மே மாதத்து முதல் ஞாயிறு. மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12. திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர மேலும் நாளாகும். ஆகவே தேர்வுக் காலத்தில் எங்களூரில் ஒழுகுவதற்கு ஆறே இல்லை. ஆடியில் கரைபுரண்டு தொடங்கிய அவள் வாசிப்பும் சித்திரைக்குள் மணலாகிவிடுவதை நான் தற்செயல் என்று கொள்ளவில்லை (காண்க: மேற்படி நோட்டு, 'தயிர் ஒன்று' என்பதற்கும் 'பாக்கி' என்பதற்கும் நடுவிலுள்ள வெற்றிடம்).

அரிமா நோக்கு: படித்த பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பது, பார்த்ததும் எல்லாம் மறந்தது தெரியும் என்பதால் சிங்கமே துணியாது.

தவளைப் பாய்த்துக்குச் சான்று தேடி வயலுக்குப் போக வேண்டியதில்லை. 2024ஆம் ஆண்டு நீட்டுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தைப் பிரித்தால் போதும். 'ஒரு பூச்சி' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'தவளை' என்று போட்டிருந்தார்கள். முன்பு அந்த அடைப்புக்குள் கரப்பான்பூச்சி குடியிருந்தது. அதைக் காலி செய்துவிட்டுத் தவளையைக் குடிவைத்தவர்கள் வாசல் பலகையை மாற்ற மறந்துவிட்டார்கள். எங்கள் வாய்க்கால் தவளைகளுக்குச் செய்தி போயிற்றா என்று தெரியவில்லை. அன்றிரவும் பழையபடியே கத்தின.

பருந்தின் வீழ்வு, கேள்வியை முதலில் படித்துவிட்டு விடையின்மேல் விழுவது. அமெரிக்கர்கள் மூன்று கட்டுரையையும் இப்படித்தான் கொத்துகிறார்களாம்.

நான்கும் முடிந்தன. இனி நன்னூலாருக்கு வாய்க்காத ஐந்தாவது, பாடபேத வாசிப்பு. இதற்கு மூலச்சுவடி 2018ஆம் ஆண்டின் நீட் தமிழ் வினாத்தாள். 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கேள்விக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே முடிவானது என்பது தேர்வு விதி. அதாவது தமிழில் எழுதலாம், நம்பக் கூடாது.

அந்தத் தாளில் சிறுத்தை 'சீத்தா'வாக நின்றது. மணிக்கு நூறு கிலோமீட்டர் ஓடுவது எங்கள் கொல்லைச் சீத்தாப்பழமா என்று பிள்ளைகள் திகைத்திருக்க வேண்டும். சிறுத்தை என்று திருத்தினால் மட்டும் பிரச்சினை தீராது. அது வேறு விலங்கு, இதன் பெயர் சிவிங்கி என்று சண்டைக்கு ஆள் வரும். வவ்வால் 'வவ்னவால்' ஆயிற்று. தலைகீழாகத் தொங்கும் பிராணிக்கு எழுத்து தடுமாறுவது இயல்பே.

உரைகாரரின் முழு வாழ்நாளையும் கேட்பது அரிசிக் கேள்விதான். இந்தியாவில் நெடுங்காலம் விளைந்த ஒரு ரகத்தைப் 'புதிய ரகம்' என்று வெளிநாட்டு நிறுவனம் காப்புரிமை வாங்கியது. டெக்சாஸின் ரைஸ்டெக், 1997. விடை பாசுமதி. தமிழ்த் தாளில் 'ரகம்' இருக்க வேண்டிய இடத்தில் 'நகம்' இருந்தது. ஆடுதுறை 43, சிஆர் 1009 என்று ரகத்தை நம்பரோடு சொல்லிப் பழகிய ஊரில் 'அரிசி நகம்'!

அவசரக்காரர்கள் இதை அச்சுப்பிழை என்பார்கள். பிழை என்று ஒப்புக்கொண்டால் ஒரு வரி. சரி என்று வாதித்தால் நாற்பது பக்கம், முனைவர் பட்டம் வேறு. எனவே 'நகம்' என்பதே மூலபாடம், 'ரகம்' பிற்கால இடைச்செருகல் என்று கொள்கிறேன். சான்று ஒன்று: நெல் முற்றியதா என்று பார்க்க என் பாட்டி உமியை உரித்தது நகத்தால். சான்று இரண்டு: ரகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது, தொல்காப்பியர் விடமாட்டார், நகரத்துக்குத் தடையில்லை. வினாத்தாள் தயாரித்தவர் தொல்காப்பியம் கற்றவர் என்பது இதனால் பெறப்படும். சான்று மூன்று (காண்க: எங்கள் வீட்டுப் பத்தாயத்தின் உட்புறக் கரிக்கோட்டுக் குறிப்பு, கீழிருந்து மூன்றாம் பலகை, எலி கடித்த பகுதி நீங்கலாக, மறுப்புக்கு அதே எலி): எழுத்து படிக்கும் நிலையில் இல்லை. ஆதலால் எனக்குச் சாதகம். உரைகாரர் நச்சினார்க்கினியர் இருந்தால் பத்தாம் கேள்வியின் நகத்தைத் தொண்ணூறாம் கேள்வியின் விரலோடு மாட்டெறிந்து முடித்திருப்பார்.

உமியை நகம் உரித்தாலும், ஈரம் பார்ப்பது பல். கொள்முதல் நிலையத்தில் மெஷின் வைத்து 17 சதவீதத்துக்குமேல் ஈரம் என்று திருப்பி அனுப்புவதற்கு முன்பே, களத்தில் நின்று ஒரு நெல்லைக் கடித்து, 'டக்'கென்று உடைந்தால் காய்ச்சல் சரி என்று சொல்லிவிடுவார்கள். ஆகப் பல்லும் ஒரு வாசிப்புக் கருவியே. இதை அவளுக்குச் சொல்லலாம் என்று போனேன்.

"பல்லா? அது சிலபஸ்ல இல்லையே மாமா" என்றாள்.

விசாரித்தேன், உண்மைதான். செரித்தல் பாடத்தை என்.சி.இ.ஆர்.டி. 2022இல் புத்தகத்திலிருந்து நீக்கியது. 2024இலிருந்து நீட்டிலும் இல்லை. பற்களும் அந்தப் பாடத்தோடு போயின. பல் மருத்துவராகப் போகிறவள் தவளையைப் படிக்கலாம், வௌவாலைப் படிக்கலாம். பல்லைப் படித்தால் நேர விரயம்.

இந்த இடத்தில் ஆய்வு தடைப்பட்டது. சதாபிஷேகம் முடித்த பெரியவர் ஒருவர், கழுத்தில் மாலையோடு, எங்கள் திண்ணையில் இளைப்பாற உட்கார்ந்தார். கையில் சீர்வரிசை முறுக்கு. கடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி வயதுப் பெண் புத்தகமும் கையுமாக இருப்பதைக் கண்டு என்ன படிப்பு என்று கேட்டார். சொன்னாள். உடனே வாயை அகலத் திறந்து, "இதப் பாரேன்" என்றார்.

அவள் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். "பதினொண்ணாவதுல படிச்சது தாத்தா. இப்ப எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

"எனக்குந்தாம்மா" என்றார்.