திரட்டிகள் வலைப்பூவுக்கு வாசகரைக் கொணருமாறு: ஓர் ஓட்டுப்பட்டையியல் ஆய்வு

வலைப்பூ தொடங்கியவரெல்லாம் வாசகரைத் தேடினர். தேடியவரெல்லாம் தம் இடுகையின் அடியில், பல வலைப்பூக்களின் இடுகைகளைத் தொகுத்துக் காட்டும் திரட்டிகளில் ஓட்டுப் போடுவதற்கான ஓட்டுப்பட்டையை ஒட்டினர். ஒட்டிய பட்டையின் வழியே வந்து சேர்ந்தவர் வாசகர்தாமா என்பதே இவ்வாய்வின் சிக்கல். கருதுகோள்: ஆட்கள் வந்தார்கள், வாசகர்கள் வேறு வழியாக வந்தார்கள். ஆய்வு எல்லை: தமிழ்மணம் திரட்டி தொடங்கிய 2004 முதல், வலைப்பூ ஊட்டங்களைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் மூடப்பட்ட 2013 வரை. முன்னாய்வுகள் ஏராளம். அவை பெரும்பாலும் 'வலைப்பூவுக்கு ஹிட்ஸ் அள்ளுவது எப்படி?' என்னும் தலைப்பில் அமைந்தவை. அவற்றைப் படித்தவர்கள் அதே தலைப்பில் அடுத்த வாரம் எழுதவிருந்தவர்கள்.

இத்துறையின் தோற்றம் அமெரிக்காவில். 2003இல் ஜோஷுவா ஷாக்டர் டெலிஷியஸ் என்னும் தளத்தை உருவாக்கினார். பிடித்த பக்கத்தின் முகவரியைத் தன் கணினிக்குள் பூட்டி வைக்காமல் ஊரறியச் சேமித்து, அதற்கொரு குறிச்சொல்லும் கட்டிவிடலாம். 2005 இறுதியில் யாகூ அதை வாங்கியது. பிறகு அது கைமாறிக் கைமாறிக் கடைசியில் 2017இல் பின்போர்டு என்னும் ஒற்றை ஆள் நிறுவனத்திடம் 35,000 டாலருக்குப் போய்ச் சேர்ந்தது. டெலிஷியஸில் ஓர் இடுகையைச் சேமித்தவர் 'பிறகு படிக்கலாம்' என்ற நல்லெண்ணத்தில் சேமித்தார். அந்தப் பிறகு வருமுன் தளம் போய்விட்டது. ஆகவே சேமிப்பை வாசிப்பாகக் கணக்கெழுதுதல் ஆய்வு நெறியன்று.

2004இல் வந்த டிக் தளம் சேமிப்பை ஓட்டாக்கியது. ஓட்டுகள் கூடினால் பக்கம் முகப்பேறும்; முகப்பேறினால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து மோதிச் சர்வர் படுத்துவிடும். எழுதியவருக்குப் பெருமை; வந்தவருக்குப் பிழைச் செய்தி. 2005இல் ரெடிட் தொடங்கியபோது அதன் நிறுவனர்களே பல போலிப் பெயர்களில் இணைப்புகளைப் பதிந்து கூட்டம் இருப்பதுபோல் காட்டினார்கள். இதைப் பின்னாளில் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். நம்மவர்கள் இந்த உத்தியை யாரிடமும் கற்கவில்லை, தாமாகவே கண்டடைந்தனர்.

இனித் தமிழ்நிலம். தமிழ்மணம், தமிழிஷ் என்று பிறந்து இன்ட்லி என்று பெயர் மாறியது, திரட்டி, தமிழ்வெளி, உலவு, தமிழ்10 எனத் திரட்டிகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஓட்டுப்பட்டை இருந்தது. நாலு வரிக் கவிதைக்குக் கீழே ஆறு பட்டைகள் தொங்கிய வலைப்பூக்களைக் கண்டோர் இன்றும் உளர். இப்பட்டைகளுள் ஏதேனும் ஒன்றின் சர்வர் கண்ணயர்ந்தால் வலைப்பூ பாதி திறந்து அப்படியே நின்றுவிடும். வாசகரைக் கொண்டுவர வைத்த பட்டை வந்த வாசகரை வாசலில் நிறுத்தியது என்பது இதனால் போதரும்.

திரட்டியின் முகப்பில் ஓர் இடுகையின் ஆயுள் குறைவு. புதிது வரப் பழையது கீழே போகும். அலுவலக நேரத்தில் இது மிக விரைவாக நடக்கும். ஏனெனில் பதிவுலகம் பெரிதும் அலுவலக இணையத்தில்தான் உயிர் வாழ்ந்தது. சனி, ஞாயிறுகளில் காற்று வாங்கும். முதலாளிகள் அறியாமல் தமிழ் வளர்த்த வரலாறு தனி ஆய்வுக்குரியது. வேலையில் இருப்பவர் யாரும் அதைச் செய்ய முன்வரமாட்டார்.

கீழே போன இடுகையை மீட்கும் வழி 'அண்மையில் மறுமொழி பெற்றவை' என்னும் பட்டியல். இங்கே பிறந்ததுதான் பின்னூட்டக் கயமை என்று பதிவர்களே பெயர் சூட்டிய கலை. பத்துப் பேர் பாராட்டினால் பத்துப் பேருக்கும் ஒரே பின்னூட்டத்தில் நன்றி சொல்லுதல் அறியாமை; பத்துத் தனிப் பின்னூட்டங்களாக, இடைவெளி விட்டு விட்டுச் சொல்லுதலே மரபு. பாராட்ட ஆளில்லாதபோது அனானியாக (பெயரிலியாக) வந்து தன்னையே திட்டிவிட்டு, தன் பெயரில் திரும்பி வந்து அந்த அனானியை நாகரிகமாகக் கண்டித்தோரும் உண்டு. இலக்கியத்தில் இதற்கு நிகரான நாடகத்தனிமொழியைக் காண்பது அரிது.

தலைப்பியல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடிகை, அதிர்ச்சி, 18+ ஆகிய மூன்றுமே அதன் அடிப்படை அலகுகள். இடுகையின் கடைசியில் பொறுப்புத் துறப்பாக 'டிஸ்கி: தலைப்புக்கும் இடுகைக்கும் தொடர்பில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அறம் காக்கப்பட்டதாகக் கருதப்படும்.

ஓட்டின் இயல்பை விளக்கப் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்து மொய் விருந்தே தக்க சான்று. ஆடி மாதம் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டவர் மொய் எழுதுவார். பின்னர் அவர் விருந்து வைக்கும்போது, முன்பு விருந்து வைத்தவர் வாங்கியதைத் திருப்புவதோடு மேலும் கொஞ்சம் சேர்த்து எழுத வேண்டும். அங்கே யாரும் கறியின் ருசியைப் பார்த்து மொய்த் தொகையை முடிவு செய்வதில்லை. வீட்டிலிருந்து புறப்படும்போதே மொய் நோட்டைப் பார்த்து முடிவு செய்துவிடுவார்கள். திரட்டியிலும் அவ்வாறே. பின்னூட்டப் பெட்டிதான் மொய் நோட்டு. 'த.ம. 4' என்று ஒருவர் எழுதிவிட்டுப் போகிறார் என்றால், தமிழ்மணத்தில் நாலாவது ஓட்டு என்னுடையது, குறித்துக்கொள்ளவும் என்று பொருள். மைக்கில் பேரும் தொகையும் வாசிப்பதற்கு நிகரான செயல் இது.

வேறுபாடு ஒன்றுண்டு. மொய் விருந்து ஒரு குடும்பத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை, இடுகையோ நாள்தோறும். கடன் ஏறிக்கொண்டே போக, படித்துவிட்டு ஓட்டுப் போட நேரம் போதாமல், ஓட்டு மட்டும் போடும் நிலை வந்தது. பெரியப்பா இறந்ததைப் பற்றி ஒருவர் உருகி எழுதிய இடுகைக்குக் கீழே 'அருமையான பகிர்வு, தொடருங்கள்' என்ற பின்னூட்டம் விழுவது இந்நிலையின் முற்றிய அறிகுறி.

அற்றேல், வருகைக் கணக்குகள் காட்டிய ஆயிரங்கள் யாவை எனின், அவற்றையும் ஆய்ந்தோம். வலப்பக்கத்தில் ஓடிய ஃபீட்ஜிட் பெட்டி, எந்த ஊரிலிருந்து ஆள் வந்தது என்று உடனுக்குடன் காட்டியது. அதில் பதிவர் இருந்த ஊரே அடிக்கடி தென்பட்டது. தன் வலைப்பூவுக்கு யார் வந்தார் என்று பார்க்க வந்தவர் அவரேதான். வலைத்தளங்களை வரிசைப்படுத்திய அலெக்ஸா தரவரிசை இதனினும் நுட்பமானது. அது தன் டூல்பாரை நிறுவியவர்களின் நடமாட்டத்தைக் கொண்டு பெரிதும் கணக்கிட்டது. தரவரிசையைப் பார்க்க ஆசைப்பட்ட பதிவர் டூல்பாரை நிறுவினார், நிறுவியதும் தன் வலைப்பூவைத் தானே சுற்றி வந்தார், தரவரிசை உயர்ந்தது. தராசில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு எடை பார்க்கும் இம்முறையை இயற்பியலார் கவனிக்க வேண்டும்.

ஆக, திரட்டி கொணர்ந்தது சக பதிவரை. அதை இழிவாகச் சொல்லவில்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்த எத்தனையோ தமிழருக்கு, ஒருவர் எழுத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேறு இடம் அன்று அதிகம் இருந்ததில்லை. எனினும் வாசகர் என்னும் மூன்றாம் இனம் எங்கே?

அது தேடுபொறி வழியாக வந்தது. அதுவும் மிகத் தாமதமாக. அதன் பாதையில் ஒரு முட்டுக்கட்டையும் இருந்தது. பிளாகரில் தமிழில் தலைப்பிட்டால் முகவரியில் தலைப்பு வராது. 'பிளாக்-போஸ்ட்' என்றும், அடுத்ததற்கு அதன் பின்னால் ஓர் எண்ணும் வரும். காதல் கவிதைக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் ஒரே முகவரி, எண் மட்டும் வேறு. விவரமறிந்தோர் முதலில் ஆங்கிலத்தில் தலைப்பிட்டு வெளியிட்டு, முகவரி அமைந்ததும் தமிழுக்கு மாற்றினர்.

ஓட்டுகள் எல்லாம் அடங்கி, திரட்டிகள் ஒவ்வொன்றாக விளக்கணைத்த பின்னும், அந்த எண்ணிட்ட முகவரிகளுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. அவர்கள் தட்டிய தேடுசொற்களைத் தேடுபொறி தரும் கணக்கில் காணலாம். தன் முதல் காதலின் துயரத்தை மழையில் நனைத்து ஒருவர் எழுதி, திரட்டியில் இரண்டே ஓட்டு வாங்கிய (ஒன்று அவருடையது) இடுகைக்கு, 'மழைநீர் சேகரிப்பு கட்டுரை பத்தாம் வகுப்பு' என்று தேடிக்கொண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் பரீட்சைக்கு முந்தைய இரவில் வந்து சேர்கிறார்கள். முதல் பத்தியைக் கடந்தும் சிலர் நிற்கிறார்கள் என்பது பக்கத்தில் அவர்கள் செலவிட்ட நேரத்தால் தெரிகிறது. ஓட்டு மட்டும் போடுவதில்லை. போடும் வயது அவர்களுக்கு இன்னும் ஆகவில்லை.